வெட்டாமலே உள்ளே பார்ப்பது: ஒரு வாளி, ஒரு தராசு, ஒரு போன்

வத்தகப்பழத்தின் வெளித்தோற்றத்தை நம்பி விலை பேச முடியாது. நிலத்தில் பட்ட பக்கம் மஞ்சளாகியிருக்கும், காம்படிச் சுருள் காய்ந்திருக்கும், தோல் பளபளக்கும். வாங்கியவர் வீட்டில் வெட்டினால் சதை நடுவில் மூன்று கிளையாகப் பிளந்து, உள்ளே வெறும் வெளி. அடுத்த கிழமை அவர் உங்கள் கொட்டிலைத் தாண்டி ஏ9 வீதியில் இன்னொரு கொட்டிலில் நிற்பார்.

காலபோக நெல் வெட்டிய வயலிலும் மேட்டுக்காணியிலும் வத்தகை போடுகிற கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்துப் புதிய தோட்டக்காரருக்கும், தோட்டத்தோடு பழம் எடுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் இது எழுதப்படுகிறது. வத்தகப்பழத்தைத்தான் விரிவாகப் பார்க்கப் போகிறோம். மாம்பழத்துக்குக் கொஞ்சம், மற்றவற்றுக்கு ஓரிரு வரி.

முதலில் எந்தப் பழுதைத் தேடுகிறோம் என்று தெளிவாக வேண்டும். வெற்றிடம் இருந்தால் பழத்தின் அடர்த்தி குறையும். அதைத் தராசு காட்டும். சதை அளிந்தாலோ அடிபட்டுக் குழைந்தாலோ அடர்த்தி பெரிதாக மாறாது. ஆனால் பழம் அதிரும் விதம் மாறும். அதைச் சத்தம் காட்டும். புழுவையும் கொட்டைக்குள் இருக்கும் வண்டையும் இந்த இரண்டுமே காட்டாது. தட்டிப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்பவரின் பழங்களில் பத்தை வெட்டிக் கணக்கெடுத்தால் அவர் காதின் திறமை தெரிந்துவிடும்.

வாளியும் தராசும்

போனில் என்ன செயலி போட்டாலும் இந்த முறைக்குக் கிட்ட வராது. அதனால் இதை முதலில் பழகுங்கள்.

வேண்டியவை: 40 கிலோ வரை நிறுக்கும், 5 அல்லது 10 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, வாய் அகலம் 28–30 சென்ரிமீற்றர் உள்ள 20 லீற்றர் பெயின்ற் வாளி, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிக்காத, நுனி மழுங்கிய இரண்டு கம்பு அல்லது கம்பி. சுகர் பேபி மாதிரி உருண்டை இனங்களுக்கு இந்த வாளி போதும். நீட்டுப் பழமென்றால் அகன்ற பேசின் எடுங்கள்.

1. காற்றுப் படாத இடத்தில், சமமான பலகையில் தராசை வையுங்கள். கொட்டிலுக்கு வெளியே சோளகக் காற்றில் வைத்தால் இலக்கம் ஒரு இடத்தில் நிற்காது.

2. வாளியில் அரைவாசிக்குச் சற்றுக் கூடத் தண்ணீர், 11–12 லீற்றர் விட்டுத் தராசில் வைத்து, இலக்கத்தைப் பூச்சியமாக்குங்கள்.

3. பழத்தின் மண்ணைத் துடைத்து, மெதுவாகத் தண்ணீரில் விடுங்கள். வத்தகப்பழம் மிதக்கும். வாளிச் சுவரில் முட்டி நின்றாலும் பரவாயில்லை. இப்போது தராசு காட்டுவது பழத்தின் நிறை. குறித்துக்கொள்ளுங்கள்.

4. இரண்டு கம்பாலும் மேலிருந்து அழுத்திப் பழம் முழுதும் தண்ணீருக்குள் போகும்வரை அமுக்குங்கள். உச்சி நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றால் போதும். வாளியின் அடியில் முட்டக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் பழத்தின் கனவளவு, கன சென்ரிமீற்றரில்.

5. முதல் இலக்கத்தை இரண்டாவதால் பிரியுங்கள். வருவது அடர்த்தி.

இரண்டாவது இலக்கம் எப்படிக் கனவளவாகிறது? பழம் தண்ணீரை எவ்வளவு விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் நிறையளவு விசையில் தண்ணீர் பழத்தை மேலே தள்ளுகிறது. அதே அளவு விசை வாளியைக் கீழே அழுத்துகிறது. ஒரு கன சென்ரிமீற்றர் தண்ணீர் ஒரு கிராம். பாடசாலையில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான், அவ்வளவே.

இலக்கத்தில் பார்ப்போம். மிதக்கும்போது 5,120, அமுக்கும்போது 5,390 என்றால் அடர்த்தி 0.950. பக்கத்துப் பழமும் அதே 5,120 கிராம், ஆனால் அமுக்கும்போது 5,700 என்றால் 0.898. நிறை ஒன்று, ஆனால் இரண்டாவது பழத்துக்குள் 310 கன சென்ரிமீற்றர் வெளி கூடுதலாக இருக்கிறது. ஒன்றரைத் தேநீர்க் கோப்பை கொள்ளும் இடம். கையில் தூக்கிப் பார்த்து இது தெரியவே தெரியாது.

பிழை வரும் இடங்கள் சில உண்டு. பெரிய பிழை கையால் அமுக்குவது. மணிக்கட்டு வரை கை தண்ணீருக்குள் போனால் கையே 300–400 கன சென்ரிமீற்றர் விலக்கும். நல்ல பழமெல்லாம் பழுது என்று காட்டும். கம்பு 5 சென்ரிமீற்றர் முங்கினால் நாலைந்து கிராம்தான், அதை விட்டுவிடலாம். அடுத்தது, பழத்தை அடியில் முட்டும்வரை அமுக்குவது. அப்போது தராசு உங்கள் கைப்பலத்தையும் சேர்த்து நிறுக்கும். மூன்றாவது, தண்ணீர் வாளியை விட்டு வெளியே சிந்துவது. சிந்தினால் மறுபடி பூச்சியமாக்காமல் அடுத்த பழத்துக்குப் போகாதீர்கள். பழத்தை எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சத் தண்ணீர் ஒட்டிக்கொண்டு போகும். ஆகவே ஒவ்வொரு பழத்துக்கு முன்னும் பூச்சியத்தைப் பாருங்கள். 10 கிராம் முன்பின் இருந்தால் அடர்த்தியில் 0.002தான் மாறும். நாங்கள் தேடும் வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

தண்ணீரைப் பற்றி ஒன்று. வெயிலில் கிடந்து சூடான பழத்தைக் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அப்போது காம்புத் தழும்பாலும் கீறல்களாலும் தண்ணீர் உள்ளே இழுபடும், அதோடு அழுகல் கிருமியும் போகும். பழத்தை நிழலில் ஆறவிட்டு, தண்ணீரை வெளியில் வைத்துச் சூடேறவிட்டு, தண்ணீர் பழத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது அளவுங்கள். வாசனை சேராத 5 சதவீத வெளுப்புத் திரவத்தில் லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் விட்டால் 100 பிபிஎம் குளோரின் கிடைக்கும். தண்ணீர் கலங்கினால் குளோரின் செத்துவிடும், மாற்றுங்கள். அளந்த பழத்தைத் துடைத்துக் காயவைத்த பிறகே அடுக்குங்கள்.

தட்டிக் கேட்பதும் போனும்

காய் கிண்ணென்று உயர்ந்து கேட்கும், பழம் தொம்மென்று நிற்கும், அளிந்ததும் உள்ளே பிளந்ததும் பொத்தென்று அடங்கும். இது ஊரறிந்தது. ஆனால் ஊர் மறப்பது ஒன்று: சிறிய பழம் இயல்பாகவே உயர்ந்த சத்தம் தரும். நன்றாகப் பழுத்த 3 கிலோப் பழம் காய் மாதிரியும், பெரிய காய் பழம் மாதிரியும் கேட்கும். அதனால் நிறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சத்தத்தின் மீடிறனை, அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை பழம் அதிர்கிறது என்பதை (அலகு ஹேர்ட்ஸ்), தன்னாலேயே பெருக்கி, அதை நிறையின் மூன்றில் இரண்டு அடுக்கால் பெருக்குங்கள். இதுவே விறைப்புச் சுட்டெண், பழ ஆய்வாளர்கள் பல காலமாகப் பாவிக்கும் சூத்திரம். மூன்றில் இரண்டு அடுக்கு என்று பயப்பட வேண்டாம்: கிலோவில் நிறையை எடுத்து அதைத் தன்னாலேயே பெருக்கி, வருவதற்குக் கனமூலம் எடுத்தால் சரி. பல போன்களில் கணிப்பானைப் படுக்கையாகத் திருப்பினால் கனமூலப் பொத்தான் வரும்.

5 கிலோப் பழம் 140 ஹேர்ட்ஸ் தந்தால்: 140 × 140 = 19,600. 5 × 5 = 25, அதன் கனமூலம் 2.924. பெருக்கினால் ஏறத்தாழ 57,300. அதே விறைப்புள்ள 3.2 கிலோப் பழம் 162 ஹேர்ட்ஸில் கேட்கும். காதுக்கு அது வேறு பழம், சுட்டெண்ணில் இரண்டும் ஒன்று. 5 கிலோப் பழம் 115 ஹேர்ட்ஸ் தந்தாலோ சுட்டெண் 38,700க்கு இறங்கிவிடும். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

பழத்தை நிலத்திலோ மேசையிலோ வைத்துத் தட்டாதீர்கள். அதிர்வு நிலத்துக்குள் போய்விடும். சும்மாடுதான் இதற்கு அருமையான கருவி. பழைய சாரத்தைச் சுருட்டி வளையமாக்கி அதன்மேல் பழத்தை, காம்பு ஒரு பக்கம் பார்க்கப் படுக்கையாக வையுங்கள். அகப்பைக் காம்பின் நுனியில் சைக்கிள் ரியூப் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினால் சுத்தியல் தயார். காம்புக்கும் பூமுனைக்கும் நடுவே, பழத்தின் இடுப்பில் தட்ட வேண்டும். போனின் ஒலிவாங்கி நேர் எதிர்ப்பக்கத்தில் 2 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தட்டிய இடத்திலும் அதன் நேரெதிரிலும் பழம் நன்றாக அசையும். இரண்டுக்கும் இடையே சில இடங்கள் அசையவே அசையா. ஒலிவாங்கி அங்கே நின்றால் ஒன்றும் கேட்காது.

சத்தத்தைப் பதிய ‘வேவ்’ கோப்பாகப் பதியும் செயலி எடுங்கள். தொலைபேசி அழைப்புக்காகச் செய்த பதிவிகள் தாழ்ந்த சத்தத்தை இரைச்சல் என்று வெட்டிவிடும், எங்களுக்கு வேண்டியதோ அதுதான். கணினியில் ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, தட்டல் தொடங்கும் இடத்திலிருந்து 0.2 செக்கனுக்குக் குறையாமல் தெரிவுசெய்து, ‘அனலைஸ்’ பட்டியலில் ‘புளொற் ஸ்பெக்ட்ரம்’ கொடுங்கள். அங்கே ‘சைஸ்’ என்ற அளவை 8192 ஆக்குங்கள். 100 முதல் 200 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் முதலாவதாக உயர்ந்து நிற்கும் முனையின் இலக்கத்தை எடுங்கள். இந்த அமைப்பில் ஏறத்தாழ 5 ஹேர்ட்ஸ் படிகளாகத்தான் தெரியும். ஆகவே 138க்கும் 142க்கும் வித்தியாசம் பார்த்துச் சண்டை பிடிக்க வேண்டாம். கணினி இல்லாவிட்டால், ஜேர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் பைபொக்ஸ் செயலியில் ‘ஓடியோ ஸ்பெக்ட்ரம்’ இருக்கிறது. தட்டியவுடன் நிறுத்தி முனையைப் பார்க்கக் கைப்பழக்கம் வேண்டும்.

100 ஹேர்ட்ஸில் ஒரு முனை, எந்தப் பழத்தை வைத்தாலும் அசையாமல் நிற்கிறதா? அது பழமல்ல, மின்சாரம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். குளிர்சாதனப் பெட்டியும் மின்மாற்றியும் அதன் இரட்டிப்பில் முனகும். நீர்ப்பம்பியையும் நிறுத்திவிட்டு அளவுங்கள்.

இடுப்பைச் சுற்றி மூன்று இடத்தில், இடத்துக்கு மூன்று தட்டல். மூன்று இடமும் ஏறத்தாழ ஒரே இலக்கம் தந்தால் பழம் உள்ளே சமச்சீர். ஒரு பக்கம் மட்டும் 20, 25 ஹேர்ட்ஸ் விலகினாலோ முனை இரண்டாகப் பிரிந்தாலோ, அந்தப் பக்கம் வெடிப்போ அடிபட்ட சதையோ இருக்கக்கூடும். அடர்த்தி நன்றாக இருந்து சத்தம் மட்டும் கெட்டிருந்தால் அனேகமாக அளிந்த பழம். இரண்டும் கெட்டிருந்தால் நடுப்பிளவு. அடர்த்தி மட்டும் குறைந்து சத்தம் நன்றாக இருந்தால் முதலில் உங்கள் தராசைச் சந்தேகியுங்கள்.

இருபது பழத்தை வெட்டத்தான் வேண்டும்

வெட்டாமல் பார்க்கும் முறைக்கு முதற்படி வெட்டுவதுதான். எந்த அடர்த்திக்குக் கீழே பழுது என்பது இனத்துக்கு இனம், தோட்டத்துக்குத் தோட்டம், அறுவடைக்கு அறுவடை மாறும். ஆகவே இன்னொருவரின் எல்லையைக் கடன் வாங்காதீர்கள், மேலே சொன்ன உதாரண இலக்கங்களையும் சேர்த்துத்தான்.

ஒரே நாளில் பறித்த 20 பழத்துக்கு இலக்கம் எழுதுங்கள். பெரிது, சிறிது, நல்லதாகத் தெரிவது, சந்தேகமானது எல்லாம் கலந்து இருக்கட்டும். அடர்த்தியும் சுட்டெண்ணும் எடுத்து எழுதிய பிறகே கத்தியை எடுங்கள். வெட்டியதைப் பார்த்துவிட்டு அளந்தால் கை தானாக இலக்கத்தை வளைக்கும். இடுப்பில் குறுக்காக வெட்டி, பிளவே இல்லையென்றால் 0, விரல் நுழையாத கீறல் என்றால் 1, விரல் நுழைந்தால் 2 என்று போடுங்கள். பிறகு அடர்த்தி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 2 எல்லாம் ஒரு முனைக்கு ஒதுங்கும். எங்கே தொடங்குகிறதோ அங்கே கோடு. வெட்டியவை வீணில்லை, கீற்றாக்கி விற்கலாம்.

கோட்டை எங்கே போடுவது என்பது யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முழுப்பழமாகத் தம்புள்ளை போகும் லொறிக்கென்றால் கோட்டைச் சற்று உயர்த்துங்கள்; நாலு நல்ல பழம் வீணாக ஒதுங்கினாலும் பரவாயில்லை. வீதியோரம் நீங்களே வெட்டிக் கீற்று விற்பதென்றால் தாழ்த்தலாம். பிளந்த பழம் கெட்ட பழமல்ல, இனிப்பாகவே இருக்கும்.

நடுப்பிளவுக்கு முதற்காரணம் மகரந்தம் போதாமை. வத்தகையின் பெண்பூ ஒரே ஒரு காலை விரிந்திருக்கும், அதற்குள் தேனீ பல தடவை வந்துபோக வேண்டும். பூக்கும் காலத்தில் காலையில் பூச்சிகொல்லி அடித்தால் அதன் கணக்கு அறுவடையில் தெரியும். கொடியின் அடிக்கு அருகே முதலில் பிடித்த காய்களில் பிளவு கூடுதல். எனவே முதல் பறிப்பையும் இரண்டாம் பறிப்பையும் ஒரே குவியலாகக் கலக்காதீர்கள். 20 பழக் கணக்கும் பறிப்புக்குப் பறிப்பு தனி.

மாம்பழம்

மாங்காயில் தண்ணீர்ச் சோதனை முற்றலைக் காட்டும். முற்ற முற்ற மாவும் சீனியும் ஏறி, காய் தண்ணீரைவிடக் கனமாகும். பிஞ்சு மிதக்கும், முற்றியது தாழும். பிலிப்பைன்ஸின் கரபாவோ இனத்துக்கு 1 சதவீத உப்புத் தண்ணீர், அதாவது லீற்றருக்கு 10 கிராம் உப்பு, பாவிக்கிறார்கள். மாதிரியில் நான்கில் மூன்று தாழ்ந்தால் பறிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கறுத்தக்கொழும்பானுக்கும் விலாட்டுக்கும் அதை அப்படியே போடாமல், தாழ்ந்ததில் பத்தும் மிதந்ததில் பத்தும் வைக்கோலில் பழுக்கவைத்து ருசி பார்த்து உங்கள் உப்பு அளவைத் தீர்மானியுங்கள். மாம்பால் வடியும்போது தண்ணீரில் போடாதீர்கள். அது நீர்மேல் படர்ந்து எல்லாக் காயிலும் ஒட்டித் தோலைக் கருக்கும். பால் வடிந்து முடியட்டும்.

கொட்டை வண்டு வேறு கதை. தாய்வண்டு பிஞ்சின் தோலில் முட்டையிடும். புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும், வழி ஆறி மூடிவிடும். வெளியே எந்த அடையாளமும் இல்லை. எக்ஸ்றே எடுக்காமல் இதைத் தனிப் பழத்தில் பிடிக்க முடியாது. குவியலாகத்தான் மதிப்பிடலாம். பத்துக்கு ஒன்று வண்டுள்ள குவியலில் 29 பழம் வெட்டினால் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு 95 சதவீதம். நூற்றுக்கு ஐந்து என்றால் 59 பழம் வெட்ட வேண்டும். ஐந்தாறு வெட்டி ‘வண்டில்லை’ என்று கையொப்பம் வைப்பவரை நம்பாதீர்கள். எல்லாப் பெட்டியிலிருந்தும், அடியிலிருந்தும் எடுங்கள்.

பழ ஈ குத்திய இடம் ஊசிமுனைப் புள்ளியாக, சிலவேளை பால் கசிந்து தெரியும். சந்தேகமானதில் பத்தை, அடியில் ஈர மணல் பரப்பிய வலை மூடிய பெட்டியில் பத்து நாள் வையுங்கள். புழு கூட்டுப்புழுவாக மணலுக்குள் இறங்கும், அரித்து எண்ணலாம்.

பப்பாசி, தோடை, மாதுளை

பப்பாசி இயல்பிலேயே குடைவுள்ளது, அடர்த்தி அளந்து பயனில்லை. தோடையில் சுளை வறண்டால் நிறை குறையும். வாளித் தராசு நன்றாக வேலை செய்யும். மாதுளையில் உள்ளே கறுத்து அழுகியது ஒரே அளவுப் பழங்களைவிட இலேசாகவும், தோல் நிறம் சற்று மங்கியும் இருக்கும். அன்னாசியில் சதை கண்ணாடி மாதிரி நீரூறினால் கனம் கூடும், தாழும். இங்கே கனமே பழுது. பலாப்பழத்துக்கு இந்தக் கருவிகளைக் கொண்டுபோகாதீர்கள், அதற்கு மூக்கும் முள்ளிடைவெளியும் போதும்.

பெரிய இயந்திரங்கள் பற்றி

வாங்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சில வரி. கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டி 700 முதல் 1,100 நனோமீற்றர் வரையான ஒளியைப் பழத்துக்குள் செலுத்தும் கைக்கருவிகள் மெல்லிய தோலுள்ள பழத்தில் சீனியையும் உலர்பொருளையும் காட்டும். வத்தகையின் தடித்த தோலில் ஒளி பெரும்பாலும் அங்கேயே தொலைந்துவிடும். ஓர் இனத்துக்குப் பழக்கிய கருவியை இன்னோர் இனத்துக்கு வைத்தால் நம்பிக்கையாகப் பொய் சொல்லும். ஆகவே ‘எந்த இனத்துக்கு, எத்தனை பழம் வெட்டிப் பழக்கியது’ என்பதே முதற் கேள்வி. எக்ஸ்றே வெற்றிடத்தையும் புழுத்துளையையும் நன்றாகப் பிடிக்கும். சதை நீரூறியதைக் காட்ட எம்ஆர்ஐ சிறந்தது. ஆனால் ஒரு பழத்துக்கான செலவு பழத்தின் விலையைத் தாண்டிவிடும்.

லொறி ஏறிய பிறகு

தோட்டத்தில் தேறிய பழம் இறங்குமிடத்திலும் தேற வேண்டுமே. உள்ளூர்க் கிரவல் வீதியின் குலுக்கல் தோலில் ஒன்றும் காட்டாமல் சதையைக் குழைத்துவிடும். விடியற்காலையில் கொடி தண்ணீர் ஊறி நிற்கும்போது பறித்த பழம் விறைத்திருக்கும், இலகுவில் வெடிக்கும். கொஞ்சம் வெயில் ஏறியபின் பறிப்பது நல்லது. ஏற்றுவதற்கு முன் பத்துப் பழத்தின் சுட்டெண்ணைத் தோலில் மார்க்கரால் எழுதுங்கள். லொறியின் அடித்தட்டில் ஐந்தும் மேல்தட்டில் ஐந்துமாக வையுங்கள். இறக்கியதும், ஏற்றும்போது அளந்த அதே பொழுதில், நிழலில், அதே சும்மாட்டில் வைத்து மறுபடி தட்டுங்கள். அடித்தட்டில் மட்டும் இலக்கம் இறங்கியிருந்தால் வைக்கோல் போதவில்லை அல்லது அடுக்கு உயரம் கூடிவிட்டது. இரண்டு தட்டிலும் இறங்கியிருந்தால் சாரதியோடு பேச வேண்டும்.